அயோடினுக்கு எது நல்ல கரைப்பான்: நீரா, ஹெக்சேனா, ஆல்கஹாலா?

தண்டையார்பேட்டையில் நான் டியூஷன் எடுக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் அயோடின் எதில் கரையும் என்று கேட்டால் விடை சட்டென்று வரும்: "அது முனைவற்றது சார், முனைவற்ற கரைப்பான்லதான் நல்லா கரையும்." (முனைவற்றது என்றால் மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கம் சாயாமல் இருப்பது.) தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கரைதிறன் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது பாதி விடைதான்.

முதலில் நீரையும், முனைவற்ற திரவமான ஹெக்சேனையும் எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் சுமார் 0.03 கிராம் அயோடின்தான் கரைகிறது. அதே எடை ஹெக்சேனில் ஏறத்தாழ 1.3 கிராம், அதாவது நாற்பது மடங்கு. அயோடின் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் ஒன்றே என்பதால் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்சுமை ஒரு பக்கம் சாய்வதன் அளவு, சுழி. நீருக்கோ 1.85 டிபை (அந்த அளவின் அலகு). நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை விலக்கித்தான் அயோடின் உள்ளே நுழைய வேண்டும். விலக்கச் செலவான ஆற்றலுக்கு ஈடாக அதனால் பெரிதாக எதுவும் தர முடிவதில்லை. ஹெக்சேனில் அப்படிப்பட்ட பிடி கிடையாது. வெளிர்மஞ்சள் நிற அயோடின் நீரில் கொஞ்சம் ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கி வைத்தால், நிறம் மேலடுக்குக்கு ஏறி ஊதாவாக நிற்கும். இதுவரை பாடநூல் விதிக்கு வெற்றி.

ஆனால் முனைவற்ற கரைப்பான்களுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. கார்பன் டெட்ராகுளோரைடில் ஹெக்சேனைவிடக் கொஞ்சம் கூடக் கரைகிறது. கார்பன் டைசல்பைடில் பல மடங்கு. மூன்றுக்கும் இருமுனைத் திருப்புத்திறன் கிட்டத்தட்ட சுழிதான். அப்படியானால் வித்தியாசத்துக்குக் காரணம் முனைவு அல்ல. எலக்ட்ரான் மேகம் பெரிதாக இருப்பதால் அயோடின் மூலக்கூறுகளுக்கிடையே லண்டன் விசை (எலக்ட்ரான் மேகத்தின் கணநேர அசைவால் வரும் ஈர்ப்பு) வலுவானது. கரைப்பான் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பும் அதற்கு நெருங்கி இருக்க வேண்டும். கார்பன் டைசல்பைடு நெருங்குகிறது, ஹெக்சேன் எட்டவில்லை.

அடுத்தது ஆல்கஹால், அதாவது எத்தனால். இதன் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.7 டிபை, நீருக்கு மிக அருகில். விதிப்படி அயோடின் இதில் கரையவே கூடாது. ஆனால் 100 கிராம் எத்தனாலில் 20 கிராமுக்கு மேல் கரைகிறது, ஹெக்சேனைப்போல் பதினைந்து மடங்குக்கும் கூடுதல்! என்ன நடக்கிறது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கிறது. ஹெக்சேனில் அயோடின் ஊதா, அதன் ஆவியின் நிறம்தான். மூலக்கூறு தன்பாட்டுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனாலில் பழுப்பு. எத்தனாலின் ஆக்சிஜன் தன் தனித்த இணை எலக்ட்ரான்களை அயோடினுக்குக் கொஞ்சம் ஈந்து, அணைவு ஒன்றை, அதாவது தளர்வான ஒரு கூட்டை, உண்டாக்குகிறது. பென்சீன் போன்றவற்றோடு அயோடின் இப்படிச் சேர்வதை வேதியியலாளர்கள் பெனசியும் ஹில்டிபிராண்டும் 1949-இல் நிறமாலை அளவீடுகளால் காட்டினார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தின் உயிரே இந்த நிறமாற்றம்தான். அதைச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, நீரிலும் ஆக்சிஜன் இருக்கிறதே, அது ஏன் கைகொடுக்கவில்லை? நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு வலை எத்தனாலுடையதைவிட மிக அடர்த்தியானது. எலக்ட்ரான் ஈவதால் கிடைக்கும் லாபம் அந்த வலையை விலக்கும் செலவுக்குக் கட்டாது.

நீரையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் பொட்டாசியம் அயோடைடு சேர்க்கலாம். அயோடைடு அயனி அயோடினோடு சேர்ந்து ட்ரைஅயோடைடு ஆகிறது. மின்சுமை வந்துவிட்டால் நீர் அதை வரவேற்கிறது. 1829-இல் பிரெஞ்சு மருத்துவர் லுகோல் கொண்டுவந்த கரைசலின் அடிப்படை இதுதான்.

காசிமேட்டில் வலை இழுத்துக் கை கிழிந்தால் ஒருகாலத்தில் தடவிய டிஞ்சர் அயோடினில் ஆல்கஹாலும் அயோடைடும் சேர்ந்தே இருக்கும். எரிச்சலுக்குப் பெரும்பங்கு ஆல்கஹாலால். இப்போது மெடிக்கலில் தரும் போவிடோன் அயோடினில் ஒரு பாலிமர் அயோடினைப் பிடித்து வைத்திருக்கிறது; நீரே கரைப்பான், அதனால் எரிச்சல் குறைவு.

வகுப்பில் செய்துகாட்ட என் தேர்வு: நீரும் ஹெக்சேனும் ஒரு குழாயில், எத்தனால் இன்னொன்றில். மணலி சுத்திகரிப்பு ஆலையின் தயாரிப்புகளில் ஹெக்சேனும் ஒன்று, நம் பகுதிக்கு அந்நியமான பொருளல்ல. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்போ பர்னரோ கூடாது. பழைய செய்முறை நோட்டுகளில் வரும் கார்பன் டெட்ராகுளோரைடைத் தொடவே வேண்டாம், கல்லீரலுக்கும் ஓசோனுக்கும் கேடு. அசிட்டோனிலும் அயோடின் நன்றாகக் கரையும். ஆனால் மெல்ல வினைபுரிந்து கண்ணைக் கரிக்கும் அயோடோஅசிட்டோன் உருவாகும். டர்பன்டைனில் போடவே கூடாது, வினை கட்டுக்கடங்காமல் போகலாம்.

ஸ்டார்ச் சோதனைக்கு மட்டும் பொட்டாசியம் அயோடைடு கரைசல்தான் சரி. அயோடைடை முதலில் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில் அயோடினைப் போட்டு முழுதும் கரைந்த பிறகு மீதி நீரை ஊற்றுங்கள். வரிசை மாறினால் அயோடின் அடியில் தங்கி நேரத்தைத் தின்னும்.