பேருந்தா, ஒட்டகமா, கப்பலா? நான்காம் வகுப்பில் மூன்று பயணங்கள்

பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டால் பேருந்து ரெடி. ஓட்டுநர் கையில் ஸ்டீயரிங்குக்குப் பதில் டிபன் பாக்ஸ் மூடி. பயண துஆ (பிரார்த்தனை) ஓதிவிட்டுக் காயல்பட்டினத்தில் இருந்து கிளம்பினோம். “அடுத்த ஸ்டாப் கீழக்கரை!” என்று ஓட்டுநர் கத்தினான். பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல்: “மிஸ், கீழக்கரைல எங்க மாமி வீடு. தூத்துக்குடி தாண்டித்தான் போவோம். தூங்கி எந்திரிச்சாத்தான் வரும்.” வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

இஸ்லாமிய ஆரம்பப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். புவியியலுக்குக் கற்பனைப் பயணம் நல்லது என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பயணம் என்பதில்தான் சிக்கல். நான் மூன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகூர் வரை பேருந்து, மக்காவில் இருந்து குறைஷி குலத்தாரின் அந்தக்கால ஒட்டக வணிகம், அப்புறம் ஹஜ் பயணம்.

பழைய வழியையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் நிலப்படத்தை மாட்டி மாவட்டத் தலைநகரங்களை ஒப்பிக்க வைப்பது தேர்வுக்குப் போதும். ஆனால் ஒப்பித்து முடித்த பிள்ளையிடம் வடக்கு எங்கே என்று கேளுங்கள், விரல் மின்விசிறியைக் காட்டும். நிலப்படத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது!

பேருந்துப் பயணத்தின் பலமே பிள்ளைகள் என்னைத் திருத்த முடியும் என்பதுதான். ஆத்தூர் தாண்டியதும் தாமிரபரணிப் பாலம், தூத்துக்குடியில் உப்பளம், சாயல்குடிப் பக்கம் பனை, முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு. இதில் ஏதாவது ஒன்றை வகுப்பில் யாராவது பார்த்திருப்பார்கள். ராமநாதபுரம் வந்ததும், “வைகை எங்கே மிஸ்? படத்துல நீலக்கோடு போட்டிருக்கே, நாங்க போனப்ப தண்ணியே இல்ல” என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஆற்றுத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், கடலுக்குப் போவது அபூர்வம் என்று சொல்ல அரைமணி நேரம் ஆனது. அன்றைக்கு மீதிப் பாடம் ஓடவில்லை. பரவாயில்லை.

மார்க்கம் இதில் ஒட்டுப்போட்டதாக இல்லாமல் தானாகவே வந்துவிடுகிறது. எந்த ஊர் தாண்டினால் நாம் முஸாஃபிர், அதாவது தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்ற சலுகை உள்ள பயணி? ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (சரியான கணக்கை மார்க்க அறிஞரான ஆலிம்சாவிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன், அந்த வம்பு எனக்கு வேண்டாம்). நிலப்படத்தில் நூலைச் சாலைமேல் வளைத்து வைத்து, அளவுகோலில் நீட்டி, பெருக்க வேண்டும். வைப்பாற்றில் இன்னும் ஆகவில்லை, சாயல்குடிக்குள் ஆகிவிடும். நிலப்பட அளவை பற்றி நான் தனியாகப் பாடம் நடத்தியதே கிடையாது. லுஹர் என்ற நண்பகல் தொழுகையை நான்கு ரக்அத் (சுற்று) தொழுவதா இரண்டா என்று தெரிய வேண்டும் என்றால் பிள்ளைகள் தாங்களாகவே நூலை எடுக்கிறார்கள்.

தீர்க்கரேகையும் அப்படித்தான். 2025 ரமலான் மார்ச்சில் வந்தது. நாகூரிலும் காயலிலும் நோன்பு திறக்கும் நேரத்தை எழுதி வரச் சொன்னேன். நாகூரில் ஏறத்தாழ ஏழு நிமிடம் முந்துகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கை நான் சொல்லும் முன்பே, “அவங்க கிழக்க இருக்காங்க, அவங்களுக்கு முதல்ல கஞ்சி” என்று ஒருவன் முடித்துவிட்டான்.

இதற்கும் குறை உண்டு. நாகூரில் எங்கே இறங்குவது என்று வீடுகளில் கருத்து வேறுபாடு வரும். தர்கா வேண்டும் என்பவரும் உண்டு, கூடாது என்பவரும் உண்டு. நான் கடற்கரையில் நிறுத்திவிடுகிறேன். இன்னொன்று, 400 கிலோமீட்டர் போனாலும் தட்பவெப்பம் பெரிதாக மாறாது, மக்காவை நோக்கித் தொழும் திசையான கிப்லாவும் அசையாது.

அந்த இடத்தில் ஒட்டகம் ஜெயிக்கிறது. குர்ஆனின் குறைஷ் சூராவை (அத்தியாயத்தை) மனப்பாடமாக ஓதாத பிள்ளை வகுப்பில் இல்லை. மாரிகாலப் பயணம், கோடைகாலப் பயணம் என்று அதிலேயே இருக்கிறது. குளிரில் ஏமனுக்கும் வெயிலில் ஷாமுக்கும் (சிரியா பக்கம்) போனார்கள் என்று விரிவுரைகள் சொல்லும். ஏன் மாற்றிப் போகவில்லை என்று கேட்டால் போதும், தட்பவெப்பப் பாடம் தொடங்கிவிடும். டமாஸ்கஸ் நேர்கோட்டிலேயே 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஒட்டகம் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் நடக்கும் என்று வைத்து வகுத்தால் ஒரு மாதத்தைத் தாண்டும். தண்ணீர் எங்கே கிடைக்கும், இரவில் எதைப் பார்த்து வழி பிடிப்பது என்று கேள்விகள் குவியும்.

ஆனால் எங்கள் பிள்ளைகளை உலுக்கியது வேறு. இங்கே கிப்லா என்றால் மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்வு. இன்றைக்கு டமாஸ்கஸில் தொழுதால் எந்தப் பக்கம் என்றதும் எல்லாரும் மேற்கையே காட்டினார்கள். உலக உருண்டையில் மக்காவில் ஒரு குண்டூசி, டமாஸ்கஸில் ஒன்று, நடுவில் நூல். தெற்கு! ஏமனின் ஸன்ஆவில் வடமேற்கு! “அப்ப மேற்கு நமக்கு மட்டும்தானா மிஸ்?” என்றான் அந்த டிபன் பாக்ஸ் ஓட்டுநர். திசையும் இடமும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

ஒட்டகத்தின் பலவீனம், இடையில் உள்ள ஊர்களைச் சரிபார்க்க வீட்டில் ஆள் இல்லை. நான் சொன்னதுதான் வேதவாக்கு. ஒரு வாரத்தில் அது வரலாற்றுக் கதையாகிவிடுகிறது, நிலப்படத்தை யாரும் தொடுவதில்லை.

ஹஜ் பயணத்தைத்தான் நிர்வாகம் விரும்புகிறது, பெற்றோரும்தான். ஆண்டுவிழாவில் மேடையேற்றலாம், பிள்ளைகள் வெள்ளைத் துணியில் அழகாக இருப்பார்கள். புவியியலாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் கடைசி. சென்னையில் விமானம் ஏறினால் ஜித்தாவில் இறங்கியாகிவிட்டது. நடுவில் இருப்பது மேகம். அதன்பின் நடப்பது மார்க்கப் பாடம், அதற்கு ஆலிம்சா இருக்கிறார்.

சென்ற ஆண்டு விமானத்தை விட்டுவிட்டுக் கப்பலுக்கு மாற்றிய பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. 1995 வரை மும்பையில் இருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் போனது. ரயிலில் மும்பை, அரபிக் கடல், ஏடன் வளைகுடா, பாபுல் மந்தப் நீரிணை, செங்கடல். வழியில் யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது இஹ்ராம், அதாவது ஹஜ்ஜுக்கான உடையும் உறுதியும். கடல், வளைகுடா, நீரிணை மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டால் இப்போது வரைந்தே காட்டுகிறார்கள். கப்பலில் போன வாப்பிச்சா (வாப்பாவின் அம்மா) இருக்கும் வீட்டுப் பிள்ளை மறுநாள் வந்து, “ஏடன்கிட்ட ஒரே வாந்தியாம் மிஸ்” என்று குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டது.

இந்த ஆண்டு முதல் பருவம் முழுக்கப் பேருந்து. ஒட்டகம் இரண்டாம் பருவத்தில், இரண்டு வாரத்துக்கு மேல் கிடையாது. கப்பலை ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். ஆண்டுவிழாவுக்கு விமானம்தான் வேண்டும் என்று கேட்டால் மேடையில் ஓட்டிக்கொள்ளட்டும்.