காளியின் ஆறு வாள்களும் மஹார்களின் இரண்டு சிறகுகளும்

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் மூவரும் ஊர் திரும்ப ஓர் இரவுதான் மிச்சமிருந்தது. கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் ஒரு பழைய சாகசப் படம் காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இரண்டு வட்டுகள் இருந்தன. ஒன்று, 1973இல் வந்த ‘தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்’. மற்றது, 1976இல் வந்த ‘அட் தி எர்த்ஸ் கோர்’. சிறு வயதில் இரண்டையும் வீடியோ கேசட்டில் பார்த்து மயங்கியவன் நான். பல ஆண்டுகள் கழித்து இரண்டையும் புதிய வட்டில், துல்லியமான படத்தில், அடுத்தடுத்த நாள்களில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்தேன். பிள்ளைகளுக்குப் போட்டது இரண்டாவது படம்.

சின்பாத்தை விட்டுவிட்டு இதையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. சின்பாத் படத்தின் மிருகங்களைச் செய்தவர் ரே ஹாரிஹவுசன். பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நூலளவு நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் கலையில் அவருக்கு இணையாகச் சொல்ல ஆளில்லை. திரையில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம்கள். 1963இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களுடன் வாள் சுழற்றும் சில நிமிடக் காட்சிக்கு அவர் நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்தார். அந்த உழைப்பின் முன்னால், இரண்டாவது படத்தில் ஆள் உள்ளே புகுந்துகொண்டு ஆடும் ரப்பர் உடையை வைத்து ஒப்பிடுவது ஏறுக்குமாறாகத் தோன்றலாம். கைத்திறனில் சின்பாத்தே மேல். அதைப் பற்றி வாதிட எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேறு காரணங்கள் இருக்கின்றன. இரண்டும் கணினி வரைகலை வருவதற்கு முன்னால், கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழித்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் நாயகி கரோலின் மன்ரோ. அங்கே மார்கியானா, இங்கே தியா. ரப்பர் என்று பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே சரக்குதான். ஹாரிஹவுசனின் பொம்மைகளுக்குள் பந்துமூட்டு வைத்த உலோக எலும்புக்கூடு இருக்கும். அதன்மேல் போர்த்திய தசையும் தோலும் நுரை ரப்பர்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்பாத் ஒரு தங்கத் தகட்டின் துண்டுகளைத் தேடி லெமூரியா என்னும் தீவுக்குக் கப்பலேறுகிறான். குமரிக்கண்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவோம். படத்தில் அது பெயரளவில்தான். மந்திரவாதி கூராவாக டாம் பேக்கர் வருகிறார். ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் கூராவின் ஆயுள் குறைந்து முகம் மூப்படைகிறது. வில்லனுக்கு இவ்வளவு நல்ல விதியை எழுதிய படங்கள் குறைவு. இந்த வேடத்தைப் பார்த்துத்தான் பேக்கரை ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்கு எடுத்தார்கள். மற்ற படம், டார்சானைப் படைத்த எட்கர் ரைஸ் பர்ரோஸின் நாவல். பீட்டர் குஷிங்கும் டக் மெக்ளூரும் பூமியைத் துளைக்கும் இரும்பு எந்திரத்தில் ஏறி வேல்ஸ் மலையடியில் புறப்படுகிறார்கள். வழி தவறிப் பூமிக்குள்ளே இருக்கும் பெல்லூசிடார் உலகத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கே மஹார்கள் என்னும் சிறகுள்ள ஊர்வன ஆள்கின்றன. வாய் திறக்காமல் மனத்தாலேயே ஏவுகின்றன. மனிதர்களை அடிமைகளாக வைத்திருக்கின்றன, தின்னவும் செய்கின்றன.

இசையில் சின்பாத் வெகு தூரம் முன்னே நிற்கிறது. மிக்லோஷ் ரோஷாவின் இசை அது. நீளத்தில் மற்றது பிள்ளைகளுக்குத் தோது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், சின்பாத் அதைவிடக் கால் மணி நேரம் கூடுதல். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து நான் முடிவெடுக்கவில்லை.

என் முடிவு ஒரே கேள்வியில் நின்றது. மிருகமும் மனிதரும் ஓர் இடத்தில் நிற்கிறார்களா?

ஹாரிஹவுசனின் முறையில் நடிகர் முதலில் வெற்றிடத்தைப் பார்த்து நடிக்கிறார். வாளை வீசி, இல்லாத வாளில் மோதியதுபோல் சட்டென்று நிறுத்துகிறார். பல வாரங்கள் கழித்து, அந்தப் படத்தைச் சிறிய திரையில் பின்னாலிருந்து ஒவ்வொரு ஃபிரேமாக வீழ்த்தி, அதற்கு முன்னால் பொம்மையை வைத்து, காட்சியின் ஒரு பகுதியை மறைத்து ஒருமுறையும் மற்றப் பகுதியை மறைத்து இன்னொரு முறையுமாகப் படமெடுக்கிறார்கள். இதனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே எடுத்த படத்தை மறுபடி படமெடுப்பதால் அந்தக் காட்சிகளில் மட்டும் நிறம் மங்கி, சொரசொரப்பு ஏறிவிடும். கேசட் காலத்தில் எல்லாமே மங்கலாக இருந்ததால் இது தெரியவில்லை. துல்லியமான வட்டில், மிருகம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே படத்தின் தோல் மாறுவது கண்ணில் படுகிறது. அதன் பிறகு நடிகர் ஓர் உலகத்திலும் மிருகம் இன்னோர் உலகத்திலும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒட்ட வைக்கும் வேலை நம் மனத்துக்கு வந்துவிடுகிறது. பத்து வயதில் அதை மகிழ்ச்சியாகச் செய்தேன். இப்போதும் செய்கிறேன், கொஞ்சம் முயன்று.

மஹார்களிடம் அந்த முயற்சி வேண்டியிருக்கவில்லை. அவை ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான ரப்பர் உடைகள். உள்ளே ஆள் இருக்கிறார். அவை பாறை முகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. கீழே அடிமைகள் நிற்பதும் அதே அரங்கின் அதே பாறைகளுக்கு நடுவேதான். இருவர்மேலும் விழுவது அதே சிவப்பு வெளிச்சம், இருவரையும் சூழ்வது அதே புகை. பைன்வுட் ஸ்டுடியோவுக்குள் ஓர் உலகத்தையே கட்டிவிட்டார்கள். வானம்கூட இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறி மாறிக் கிடக்கிறது. மஹார் சிறகை விரித்துக் கம்பியில் இறங்கும்போது கம்பி தெரிகிறது. சிறகு விறைப்பாக இருக்கிறது. இருந்தாலும் அது ஒரு கனமான பொருள். கீழே நிற்பவர்களின் தலைக்கு மேல் நிஜமாகவே வருகிறது. அவர்கள் குனிவது அதற்குப் பயந்துதான். குஷிங் அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்து, தான் பிரிட்டிஷ்காரன் என்பதால் தன்னை வசியப்படுத்த முடியாது என்று சொல்லும் இடத்தில், அவர் பார்வை விழும் இடத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. பார்வைக்கு ஓர் இலக்கு கிடைத்தால் நடிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை, இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

இதே அளவுகோலை வைத்தால் என் படத்திலும் ஓட்டை இருக்கிறது. மஹார்களும் அவற்றின் காவலர்களான சாகோத்துகளும் மட்டுமே நடிகர்களோடு சமமாக நிற்கின்றன. பூதாகாரமான மிருகங்களை அப்படிச் செய்ய முடியாது. உடைக்குள் இருப்பவர் மனிதர் என்பதால், மிருகத்தைத் தனியாக எடுத்து, பெரிதாக்கித் திரையில் வீழ்த்தி, அதற்கு முன்னால் நடிகர்களை ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த இடங்களில் சின்பாத்தில் நான் சொன்ன அதே குறை இங்கும் வருகிறது. கூடவே ஹாரிஹவுசனின் விரல் நுணுக்கமும் இல்லை. கொம்பு வைத்த இரண்டு மிருகங்கள் முட்டிக்கொள்ளும்போது, நான்கு காலில் ஊரும் மனிதர்களின் முழங்கால் மடிப்பு அப்படியே தெரிகிறது. நெருப்பு உமிழும் தவளை போன்ற ஒன்று பள்ளத்தில் விழுந்து வெடிப்பது மட்டும் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

ரப்பர் உடையை ஏழைகளின் ஸ்டாப் மோஷன் என்று ஒதுக்குவது சரியில்லை. 1954இல் ஜப்பானில் காட்ஸில்லா என்னும் ராட்சத மிருகப் படத்தை எடுத்தபோது அதன் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாவும் ஸ்டாப் மோஷனைத்தான் விரும்பினார். நேரம் இல்லாததால் உடைக்கு மாறினார். உடைக்குள் இருந்த ஹருவோ நகாஜிமா, நகர்வதே பெரும்பாடான அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு நடந்தார். அதைக் கூடுதல் வேகத்தில் படமெடுத்து, திரையில் மெதுவாக ஓடவிட்டபோது அந்தத் தள்ளாட்டமே ராட்சத எடையாக மாறியது. வேறு வழியில்லாமல் பிடித்த முறைதான், ஆனால் அதற்கென்று ஒரு தனிக் கலை பிறந்துவிட்டது.

சின்பாத் பக்கம் திரும்பினால், நான் சொன்னதையெல்லாம் உடைத்துப்போடும் காட்சி ஒன்று அதில் இருக்கிறது. காளி சிலை உயிர்பெறும் காட்சி. கூரா ஏவியதும் சிலை முதலில் ஆடுகிறது. பிறகு ஆறு கைகளிலும் வாள் ஏந்தி சின்பாத்தின் ஆட்கள்மேல் பாய்கிறது. ஆறு கைகளும் ஆறு தாளத்தில் இயங்குகின்றன. ஒன்றின் அசைவு இன்னொன்றை மறைப்பதில்லை. வாளோடு வாள் மோதவில்லை என்று எனக்குத் தெரியும். காது அதை நம்ப மறுக்கிறது. சிலை என்பதால் அசைவில் இருக்கும் சிறு வெட்டுகூட இங்கே பொருந்திவிடுகிறது. உலோகம் அப்படித்தானே அசையும் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. பாதி மனிதன் பாதி குதிரையான ஒற்றைக் கண் சென்டாரும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினும் மோதும் சண்டை எனக்கு இந்த அளவுக்கு இறங்கவில்லை.

நம் வீட்டுக் கூடத்தில் அந்தக் காட்சிக்கு வேறொரு சங்கடம் உண்டு. நான் தனியாகப் பார்த்த அன்று அம்மா பக்கத்தில் இருந்தார். சிலை மேலிருந்து விழுந்து உடைந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் காளியை மந்திரவாதியின் அடியாளாகக் காட்டி, கடைசியில் துண்டு துண்டாக உடைப்பதை வெறும் சாகசமாக எடுத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது. அம்மாவின் முகம் என் தேர்வில் பங்கு வகித்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

திரையரங்கில் பெரிய திரையில் இவ்விரண்டும் எப்படி இருந்திருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. கேசட்டிலும் வட்டிலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். இந்த வகைக்கே புதியவராக, ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்று கேட்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவருக்குச் சின்பாத்தையே கொடுப்பேன். அட் தி எர்த்ஸ் கோரை எடுத்த கெவின் கானர் அதற்கு முன்பு எடுத்த ‘தி லேண்ட் தட் டைம் ஃபர்காட்’ படத்தையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். நீர்மூழ்கிக் கப்பல் பகுதி அதில் அருமை. சிறகு அசையாமல் தொங்கிவரும் பறக்கும் பல்லிகளைப் பிள்ளைகள் எப்படி ஏற்பார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்ததால் அதை எடுக்கவில்லை.

அன்றிரவு மஹார் முதன்முதலில் திரும்பிப் பார்த்ததும் நடுப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குட்டிக்கு எட்டு வயது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ளே ஒருவர் இருக்கிறார்” என்றான். ஆமாம் என்றேன். பயம் போய்விட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவன் சற்று யோசித்து, “அவருக்கு மூச்சு முட்டாதா?” என்று கேட்டான். அதன் பிறகு படம் முடியும்வரை மஹார் விழும்போதெல்லாம் அவனுக்கு இரண்டு கவலைகள். தியா தப்பிக்க வேண்டும். உடைக்குள் இருப்பவருக்கும் அடிபடக் கூடாது.

மறுநாள் காலை பரணிலிருந்த உடைந்த குடையைப் பிரித்து, கம்பிகளில் பழைய போர்வையைக் கட்டிச் சிறகு செய்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா சத்தம் போடும்வரை மொட்டைமாடியில் மஹார்களின் ஆட்சிதான்.

அடுத்த விடுமுறையில், அம்மா ஊரில் இல்லாத ஒரு நாளில், சின்பாத்தையும் போட்டேன். காளி ஆடத் தொடங்கியதும் மூவரும் வாயடைத்துப்போனார்கள். காட்சி முடிந்ததும் எழுந்து, வேட்டித் திரைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நின்று ஆறு கைகளையும் விரித்தார்கள். கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வலதுபக்கக் கடைசிக் கை தன்னுடையதுதான் என்று பெரியவனும் சின்னவனும் சண்டை போட்டார்கள்.