வேலூர் மொட்டைமாடிக்குத் தட்டோடா, வெள்ளைப் பூச்சா?

கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மேல்மாடியில் படுப்பவரை வாட்டுவது ராத்திரிதான். பகலெல்லாம் வெயில் குடித்த 5 அங்குலக் கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகு சூட்டை அறைக்குள் இறக்கும். ஆகவே முதல் கேள்வி, அந்த அறையில் ஆள் இருக்கும் நேரம் எது என்பதே.

தட்டோடு என்பது மொட்டைமாடியில் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு. அதற்கு அடியில் 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீர்த்த சுண்ணாம்பு 12.5 பங்கு, மணல் கூடாது. 3 அங்குலம் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். இந்தக் கனம் சூட்டைத் தடுப்பதைவிடத் தாமதப்படுத்துகிறது. பள்ளிக்கூடத்துக்கும் பகல் கிளினிக்குக்கும் அது போதும். சூடு கீழே வரும் நேரத்தில் கதவைப் பூட்டியிருப்பார்கள். பழுது ஓட்டுச் சந்தில் தொடங்கும். அங்கே விரிசல் விட்டால் ஜல்லி பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மழை ஓய்ந்த பிறகும் சீலிங்கில் ஈரம், பூஞ்சை. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறும். எடை சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது, பழைய கட்டடத்தில் இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

வெள்ளை கூல் ரூஃப் பூச்சு வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆஸ்பத்திரிக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் நோயாளிகளின் மேல்மாடி அறைகளுக்கு இதைத்தான் சொல்வோம். தேறிவரும் உடம்புக்கு ராத்திரித் தூக்கம் மருந்துக்குச் சமம்.

இதன் எதிரி புழுதி. லீட் என்னும் பசுமைக் கட்டடச் சான்றின் 4-ஆம் பதிப்பு, தட்டைக் கூரையின் எஸ்.ஆர்.ஐ. எண் (வெயிலில் சூடேறாமல் இருக்கும் திறனின் அளவு) புதிதில் 82 இருக்க வேண்டும் என்கிறது. 3 ஆண்டு வெயில் மழை பட்ட பிறகு 64 இருந்தால் போதும். அழுக்கில் இவ்வளவு குறையும் என்பதைச் சான்றே கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண் கூரையின் மேற்பரப்பைத்தான் சொல்லும். கட்டடத்தில் இருப்பவர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் வெல் சான்றுக்கோ ஆள் வந்து அறைக்குள்ளேயே அளப்பார்கள், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நலத்தைப் பார்க்க அதுவே சரியான இடம்.

ஈரத் தளத்தில் பூசினால் பூச்சு கொப்பளித்து உரியும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டபின் தை, மாசியில் பூசுங்கள். முதல் நாள் இரவு 2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் தளம் இன்னும் காயவில்லை.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டும்: அடியில் தட்டோடு, மேலே வெள்ளை. பங்குனியில், கத்திரிக்கு முன்பே, வெள்ளைப் பூச்சின் புழுதி போகச் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.