கார்த்தஹேனாவில் பழைய மாளிகை ஹோட்டல் எடுக்கிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று இரவு, இரண்டு அறை, வரி சேர்க்காமல் 1,860 டாலர். இவ்வளவு கொடுத்தும், படத்தில் பார்த்த அந்தப் பழைய வீட்டுக்குள் நாங்கள் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. அதற்குப் பின்தெருவில் இருக்கும் புதுக் கட்டடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். கிளம்பும்போது கொடுக்க வேண்டாத பணத்தையும் பில்லில் ஏற்றியிருந்தார்கள். கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருக்கும் கார்த்தஹேனாவுக்கு 2024 ஜனவரியில் போய் வந்த அனுபவம் இது. ஹோட்டலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நடந்த விதம் தெரிந்தால் எந்த ஹோட்டலாக இருந்தாலும் நீங்கள் உஷாராகிவிடலாம்.

ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 1533இல் ஸ்பானியர்கள் நிறுவிய துறைமுக நகரம். கடற்கொள்ளையருக்குப் பயந்து சுற்றிலும் மதில் கட்டினார்கள். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மதிலுக்குள்ளே மரப் பால்கனிகள், அவற்றிலிருந்து தொங்கும் காகிதப்பூ, பித்தளைக் குமிழ் பதித்த பெரிய கதவுகள். நான் சிவில் இன்ஜினியர். பழைய கட்டடம் என்றால் எனக்கு உயிர். அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளைப் பழைய வீடு ஒன்றில் கொண்டாட வேண்டும் என்று நானும் என் மனைவியும் ஆறு மாதம் பணம் சேர்த்தோம். மூவருக்கும் அமெரிக்க விசா இருந்ததால் கொலம்பியாவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. மியாமியிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

பதினேழாம் நூற்றாண்டு வணிகர் ஒருவரின் வீட்டைப் புதுப்பித்து ஹோட்டல் ஆக்கியிருப்பதாக இணையதளத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் முற்றம், முற்றத்தில் மழைநீர் சேமிக்கும் பழைய நிலத்தடித் தொட்டி, உயரமான மரக்கூரை. நாங்கள் எடுத்த அறை வகையின் பெயர் 'டீலக்ஸ் காலனியல்'. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் மரக்கூரையும் பால்கனியும் தெளிவாகத் தெரிந்தன. அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன். "குறித்துக்கொண்டோம், உங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்" என்று பதிலும் வந்தது.

போய் இறங்கியதும் முதல் அரை மணி நேரம் எல்லாம் அருமை. குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள், பழச்சாறு கொடுத்தார்கள். அம்மா முற்றத்துச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஊரின் பழைய சுவர்கள் பவளக்கல்லால் ஆனவை. பவளப்பாறையில் வெட்டி எடுத்த கல். உற்றுப் பார்த்தால் பவளத்தின் தடம் அதிலேயே தெரியும். மேசையில் இருந்த சிறு கையேட்டில் அந்த வீட்டின் வரலாற்றை அழகாக எழுதியிருந்தார்கள். ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய முக்கியத் துறைமுகம் கார்த்தஹேனா. பேத்ரோ கிளாவேர் என்ற பாதிரியார் அந்த மக்களுக்காகவே வாழ்ந்து 1654இல் இறந்ததும் இதே ஊரில்தான். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'செல்வந்த வணிகர்' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். அப்போதே எனக்கு மனதில் ஏதோ இடறியது.

அப்புறம் சாவி கொடுத்தார்கள். எங்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஹோட்டல் பையன் மாடிப்படி பக்கம் போகாமல் தெருவாசலை நோக்கி நடந்தான். ஒருவேளை வேறு வாசல் இருக்கும் என்று நினைத்துப் பின்னாலேயே போனோம். முனை திரும்பி, பின்தெருவில் இருந்த இன்னொரு கட்டடத்துக்குள் நுழைந்தான். லிஃப்ட் கிடையாது. எங்கள் அறைகள் இரண்டாவது மாடியில். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஏறினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், 38 படி.

அறையில் திரையை விலக்கினால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் எதிர்ச்சுவர். பால்கனி இல்லை, மரக்கூரையும் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தேன், ஜிப்சம் போர்டு. அம்மாவின் அறையில் ஒரே ஒரு சுவர் மட்டும் பழைய சுவர். அதன் மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் வெளியே விடும். சிமெண்ட் போட்டு மூடினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, பெயிண்ட் கொப்பளித்து உதிரும். அங்கே அதுதான் நடந்திருந்தது. அறை முழுக்கப் பூசண வாடை. மறுநாள் காலையில் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது.

ரிசப்ஷனுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். 'டீலக்ஸ் காலனியல்' என்பது அலங்காரப் பாணியின் பெயராம், கட்டடத்தின் பெயர் இல்லையாம். அந்த வார இறுதி முழுவதும் பழைய வீட்டை ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். கார்த்தஹேனா கல்யாணங்களுக்குப் பேர்போன ஊர். தேவாலயத்தில் கல்யாணம், இரவில் பழைய மாளிகையில் விருந்து என்று வெளியூர்க் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் கல்யாணத்துக்கான புக்கிங் எத்தனையோ மாதம் முன்பே நடந்திருக்கும். எனக்கு அந்த மின்னஞ்சலை எழுதிய நாளில் அவர்களுக்கு இது தெரியும். தெரிந்தே சொல்லாமல் விட்டார்கள். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ரத்து செய்ய முடியாத கட்டணம் என்பதால் பணம் திரும்ப வராது, புக்கிங் தளத்திடம் கேளுங்கள் என்றார். புக்கிங் தளத்தைக் கூப்பிட்டால் ஹோட்டல் ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்றார்கள். இப்படியே இரண்டு மணி நேரம் போனது. சீசன் நேரம், வேறு இடத்தில் அறை தேடினால் இரண்டு மடங்கு விலை. "பரவாயில்லப்பா, மூணு நாள்தானே, விடு" என்றார் அம்மா. அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரவில் தலைக்கு மேலே ரூஃப்டாப் பார். எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடிதான் அது. வெள்ளிக்கிழமை பாட்டு நின்றபோது மணி 2:40. சனிக்கிழமை அதைவிட மோசம். மூன்று முறை போன் செய்தும் "இதோ முடியப் போகிறது" என்ற ஒரே பதில். அறையைப் பற்றி எழுதிய இடத்தில் அந்த பாரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இனி பில். பழைய வீடு பிடிக்காதவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள், கார்த்தஹேனாவில் எங்கே தங்கினாலும் இது உதவும்.

கொலம்பியாவில் ஹோட்டல் அறைக்கு 19 சதவீத ஐவிஏ வரி (நம் ஜிஎஸ்டி மாதிரி) உண்டு. ஆனால் அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறை வாடகையில் அந்த வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் உள்ளே வந்த முத்திரையையும் காட்டினால் போதும், ஹோட்டல் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளும். எனக்கு இது தெரியாது. இரண்டாம் நாள் மதிலோரம் எங்களை நடத்திக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் 353 டாலரும் 40 சென்ட்டும் போயிருக்கும். பில்லில் அந்த வரியைப் போட்டிருந்தார்கள். கேட்டபோது, ஹோட்டலில் நேரடியாக புக் செய்தவர்களுக்கு மட்டும்தான் விலக்கு என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டுகளை நகலெடுத்து, இருபது நிமிடம் கழித்து வரியை நீக்கினார்கள்.

அதற்குக் கீழே 'ஹோட்டல் காப்பீடு' என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 7,000 பெசோ (கொலம்பிய நாணயம்), மொத்தம் 63,000. இதுவும் நாம் சம்மதித்தால் மட்டும் சேர்க்க வேண்டியது. எங்களை யாரும் கேட்கவில்லை. சொன்னதும் எடுத்துவிட்டார்கள். ஹோட்டல் உணவகத்தில் சாப்பிட்டதற்கு 10 சதவீத டிப்ஸும் தானாகவே ஏறியிருந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி டிப்ஸ் நம் விருப்பம், பில்லில் சேர்க்கும் முன் கேட்க வேண்டும். பரிமாறிய பையன்கள் உண்மையாகவே நல்ல பையன்கள். அதனால் அதை மட்டும் நான் எடுக்கச் சொல்லவில்லை.

நான் ஏமாந்தது கடைசியில், கார்டு மெஷினில். சாப்பாடு, சலவை எல்லாம் சேர்த்து 11,50,000 பெசோ. அங்கே பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவார்கள், அதனால் பில்லைப் பார்த்ததுமே கண் குழம்பும். ரிசப்ஷன் பெண் மெஷினை என்னிடம் நீட்டும் முன்பே ஒரு பொத்தானை அழுத்திவிட்டாள். பெசோவில் போகவேண்டிய தொகையை மெஷினே அமெரிக்க டாலராக மாற்றிவிட்டது. அன்று ஒரு டாலருக்குச் சுமார் 3,900 பெசோ. மெஷின் போட்ட கணக்கு 3,650. 295 டாலர் ஆகவேண்டியது 315 ஆனது. ரசீதில் என் கையெழுத்து இருப்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. ஆகவே மெஷினை உங்கள் கையில் வாங்கி, 'பெசோ' என்பதை நீங்களே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் அவர்கள் மாற்றித் தருவதாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் அறை விஷயமாக கிரெடிட் கார்டு வழியே புகார் கொடுத்தேன். அறையைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று தள்ளிவிட்டார்கள். புக்கிங் தளம் ஆறு வாரம் இழுத்தடித்து 60 டாலர் வவுச்சர் கொடுத்தது. நான் செய்த தவறு ஒன்று உண்டு. சாவி வாங்கியவுடன், பெட்டியைத் திறக்கும் முன், அறையைப் படமெடுத்து, "இது நான் புக் செய்த அறை இல்லை" என்று எழுத்தில் அனுப்பியிருக்க வேண்டும். நான் வாயால் மட்டும் சண்டை போட்டேன். அது எங்கேயும் பதிவாகவில்லை. கொலம்பியாவில் நுகர்வோர் புகாருக்கு எஸ்ஐசி என்ற அரசு அமைப்பு இருக்கிறது, நாட்டில் வசிக்காதவர்களும் இணையத்தில் புகார் தரலாம். வழிகாட்டிப் பெண்ணின் உதவியோடு ஸ்பானிய மொழியில் எழுதி, மின்னஞ்சல், படங்கள், பில் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

மதிலுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் தங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடம் போதாமல் பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்துக்கொண்ட ஹோட்டல்கள் அங்கே நிறைய இருக்கின்றன, பல இடங்களில் அதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள் என்றார் அந்த வழிகாட்டி. அதனால் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள். அறை எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில், லிஃப்ட் உண்டா, ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது, மேலே பார் இருக்கிறதா, அந்தத் தேதிகளில் கல்யாணம் இருக்கிறதா. "குறித்துக்கொண்டோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அறை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "லா அபித்தசியோன் எஸ்தா என் லா காசா அந்தீகுவா?" என்று ஸ்பானிய மொழியிலேயே கேட்கலாம். அறை பழைய வீட்டுக்குள் இருக்கிறதா என்று அர்த்தம். ஆம் அல்லது இல்லை என்று நேராகப் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா இன்னொரு முறை அந்த முற்றத்தில் உட்கார வேண்டும் என்றார். கல்யாணக் கூட்டத்தின் காலை உணவுக்காக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஆள் எங்கள் அறைச் சாவியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இது இந்தக் கட்டடத்து விருந்தினர்களுக்கு மட்டும் என்று கையைக் குறுக்கே நீட்டினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சுவரில் ஒரு நிமிடம் கை வைத்து நின்றுவிட்டு டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.