சூடேற்றி மீட்ட நாடா: ஜாலான் புசாரில் ஓர் ஒலிநாடாப் பட்டறை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தின் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், பழைய ஸ்டூடியோ நாடாக்களிலிருந்து ஒலியை எடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் பட்டறை ஒன்று நடக்கிறது. நான் அங்கே கொண்டுபோனது, என் தாய்மாமா 1983இல் நண்பர்களுடன் பதிவு செய்த நான்கு ஸ்கா பாடல்களின் கால் அங்குல மாஸ்டர் நாடாவை, அதாவது மூலப்பதிவை. ஸ்கா 1950களின் இறுதியில் ஜமைக்காவில் உருவான இசை; 1979இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தொடங்கிய டூ டோன் நிறுவனத்தின் இசைத்தட்டுகள் வழியாக அது மாமாவை வந்தடைந்தது. அவர் டிரம்போன் என்ற ஊதுகருவி வாசிப்பவர். ஜமைக்காவின் ஸ்கா இசைக்குழுவான ஸ்காட்டலைட்ஸ் 1964இல் கூடி அடுத்த ஆண்டே கலைந்துபோனாலும், அக்காலத்து ஜமைக்கப் பாடல்களுக்கு மாஸ்டர் கிடைக்காத இடத்தில் பழைய இசைத்தட்டிலிருந்தாவது ஒலியை எடுத்து மறுவெளியீடு செய்ய முடிகிறது. மாமாவின் பாடல்கள் தட்டாக வெளிவரவே இல்லை. இந்த ஒரு சுருள் போனால் எல்லாம் போயிற்று.

கொஞ்சம் போகவும் செய்தது. முதலில் நான் சென்ற வேறொரு கடையில் (பெயர் வேண்டாம்) நாடாவைச் சோதிக்காமல் நேரே கருவியில் மாட்டினார்கள். கிறீச்சென்ற சத்தத்துடன் அரை நிமிடத்தில் அது நின்றுவிட்டது. கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிறப் பசை அப்பியிருந்தது. அந்தப் பசைதான் முதல் பாடலின் தொடக்கம். 1970கள், 80களில் வந்த பல ஸ்டூடியோ நாடாக்களில், காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுத்துவிடும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்ட இந்த ஊரில், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் பிஸ்கட் டின்னுக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்த நாடா வேறு எப்படி இருக்கும்?

பட்டறைக்காரர் சுருளை உடனே கருவியில் மாட்டவில்லை. முதலில் மோந்து பார்த்தார்; பிறகு சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். “நாடாவோட அடிப்படலம் அசிடேட் பிளாஸ்டிக்கா இருந்தா வெளிச்சம் ஊடுருவித் தெரியும்க்கா, கெட்டுப்போனா காடி நெடி அடிக்கும். அதைச் சூடாக்கவே கூடாது. இது பாலியெஸ்டர், தாங்கும்” என்றார். பழங்களை உலர்த்தும் மின்கருவி ஒன்றில் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எட்டு மணி நேரம், அவ்வப்போது சுருளைத் திருப்பி வைத்தபடி ஈரத்தை வெளியேற்றி, அதே அளவு நேரம் ஆறவிட்ட பிறகே நாடாவை ஓட்டினார். இந்த வைத்தியம் சில வாரங்களுக்குத்தான் தாங்கும் என்பதால், அதற்குள் ஒலியை முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

அவர் வேலையில் நான் மிகவும் மதிப்பது அடுத்த கட்டத்தைத்தான். ஸ்காவில் கிட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் பிந்திய அரை இடத்தில் ‘சக்’ என்று வெட்டி விழும். நம் தாளக் கணக்கு பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். நாடா பதிவானபோது இருந்த ஹெட்டின் சாய்வும் இப்போது ஓட்டும் ஹெட்டின் சாய்வும் இம்மியளவு மாறினாலும், அந்த வெட்டின் கூர்மைதான் முதலில் மழுங்கும். சாய்வைச் சரிபார்க்க நாடாவின் தலைப்பில் பதிந்திருந்த சோதனை ஒலிகள் முந்தைய கடையிலேயே உதிர்ந்துவிட்டதால், அவர் இரு தடங்களையும் மோனோவாக, ஒரே ஒலியாகச் சேர்த்து, கிட்டாரையே திரும்பத் திரும்பக் கேட்டு, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மங்கலாக எங்கோ கேட்ட ஒலி, ஒரு புள்ளியில் சட்டென்று முன்னால் வந்து நின்றது.

குறையும் உண்டு. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் எதையும் தொடாமல் எடுத்த கோப்பு அருமை; ஆனால் அவராகவே ‘சுத்தம் செய்து’ தந்த இரண்டாவது கோப்பில் நாடாவின் இரைச்சலோடு டிரம்போனுக்கு முன்னால் மாமா இழுக்கும் மூச்சும் காணாமல் போயிருந்தது; சிம்பல் தண்ணீருக்குள் தட்டியதுபோல் கேட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல், கூடுதல் காசும் கேட்காமல், இரைச்சலைப் பாதி விட்டுவைத்து மறுபடியும் செய்து தந்தார். செலவு 240 வெள்ளி, காத்திருப்பு மூன்று வாரம். குறுஞ்செய்திக்குப் பதில் வராது, நேரில்தான் போக வேண்டும், மாடிப்படி செங்குத்து.

உதிர்ந்த தொடக்கத்தை இரண்டாம் சரணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடலாம் என்றும், ஆனால் வாசித்தவரைக் கேட்காமல் அதைச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். மாமாவைக் கேட்டேன், வேண்டாம் என்றார். ஆகவே முதல் பாடல் இப்போது ஒரு வரியின் நடுவில் தொடங்குகிறது.