"உயரம் ஒரு பொருட்டே அல்ல" என்ற பாயிண்ட் கார்டு பயிற்சி: ஐந்துக்கு மூன்று

பாயிண்ட் கார்டுகளுக்கென்றே, அதாவது கூடைப்பந்தில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கென்றே, எடுத்த எட்டு வார ஆன்லைன் பயிற்சி, ஒரு வீடியோ விடாமல் முடித்துவிட்டேன். நான் 5 அடி 6 அங்குலம், அதனால் "உயரம் ஒரு பொருட்டே அல்ல" என்ற விளம்பர வரியைப் பார்த்ததும் யோசிக்காமல் காசைக் கட்டிவிட்டேன். பெயர் வேண்டாம், சண்டை போடத் தெம்பில்லை.

மூன்றாவது வாரம் தங்கம். பிக் அண்ட் ரோலில், அதாவது நம் ஆள் ஒருவன் தடுப்பாக நின்று (இதுதான் ஸ்கிரீன்) வழிவிட்டு பிறகு கூடையை நோக்கி ஓடும் ஆட்டத்தில், அந்த ஸ்கிரீனைச் சுற்றி வந்ததும் துரத்தி வருகிறவனை முதுகிலேயே மாட்டி வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பது, முன்னால் நிற்கும் நெட்டையன் ஒரு அடி எடுத்துவைக்கும் வரை பொறுத்திருந்து அவன் கைக்கு மேலே ஃப்ளோட்டரை, அதாவது உயரமாக மிதந்து விழும் ஷாட்டை, தூக்கிப் போடுவது, இரண்டையும் இவ்வளவு நிதானமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

முதல் வாரம்தான் எரிச்சல். முழுக்க மக்சி போக்ஸ் புராணம். 5 அடி 3 அங்குலம், 1987 டிராஃப்டில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது) 12வது தேர்வு, 14 சீசன் ஆடினார், எல்லாம் உண்மைதான். ஆனால் என்பிஏ வரலாற்றிலேயே குட்டையான ஆட்டக்காரர் அவர். இத்தனை வருடத்தில் அந்த உயரத்தில் ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால் அது எதற்கு ஆதாரம், நீங்களே சொல்லுங்கள். அடுத்த எடுத்துக்காட்டு ஸ்டெஃபன் கரி, 6 அடி 2 அங்குலம். எங்கள் அணிக்கு வந்தால் அவரை சென்டரில், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் மிக உயரமான ஆளின் இடத்தில், நிறுத்துவோம்! போதாததற்கு, காட்டிய பட்டியலில் பழைய உயரங்கள். ஷூ இல்லாமல் அளந்த உயரத்தைத்தான் தரவேண்டும் என்று 2019இல் என்பிஏ சொன்ன பிறகு பலர் ஒரு அங்குலம் குறைந்துபோனது இவர்களுக்கு இன்னும் எட்டவில்லை போல.

உண்மையான குறை வேறு. எட்டு வாரத்தில் டிஃபென்ஸுக்கு ஒரே ஒரு வீடியோ. குட்டையானவருக்கு அடி விழுவதே அங்கேதான். பந்தோடு இருக்கும்போது தாழ்ந்த டிரிபிள், வேகம் என்று எப்படியோ சமாளிக்கலாம், ஆனால் எதிரணி ஸ்கிரீன் மேல் ஸ்கிரீனாகப் போட்டு ஸ்விட்ச் செய்யவைத்து, அதாவது நீங்கள் காக்கும் ஆளை மாற்றிக்கொள்ளவைத்து, தங்கள் உயரமான ஆளை உங்கள் தலைக்கு மேல் ஷூட் பண்ணவிட்டால் என்ன செய்வீர்கள்? 5 அடி 9 அங்குல ஐசயா தாமஸ், 2011 டிராஃப்டில் 60வதாக, அதாவது கடைசியாக எடுக்கப்பட்டவர், 2016-17இல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி சராசரி வைத்தார். அப்பேர்ப்பட்டவரையே டிஃபென்ஸில் குறிவைத்துத்தான் ஆடினார்கள். அவருக்கென்று தனிப் பாடம் இருக்கிறது, இந்தப் பேச்சு மட்டும் அதில் இல்லை. 6 அடி 9 அங்குல மேஜிக் ஜான்சன், இரண்டு பேர் மறித்தாலும் தலைக்கு மேலே பார்த்து பாஸ் போட்டவர், 1980 ஃபைனல்ஸ் கடைசி ஆட்டத்தில் சென்டர் இடத்தில் தொடங்கி 42 புள்ளி எடுத்தவர்; அவர் பெயரே வரவில்லை. வந்தால் விளம்பர வரி என்னாவது!

6 அடி கிறிஸ் பால் ஆறு சீசன் ஸ்டீல்களில், அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில், லீக்கில் முதலிடம். அந்தக் கையையும், கீழே தாழ்ந்து நின்று பெரியவர்களைத் தள்ளவிடாத அந்த உடம்பையும் எப்படி வளர்ப்பது என்று இரண்டு வாரம் கொடுத்திருக்கலாம். இதைக் கேட்டு எழுதினேன், "மனவுறுதி இருந்தால் போதும்" என்று பதில் வந்தது. சரி.

மூன்றாவது வாரத்தை மட்டும் தனியாக விற்றால் இன்னொரு முறைகூட வாங்குவேன்.