பெயர் ஆப்புக்கு மூன்று ஸ்டார்: இத்தாலியில் பேரன் பிறக்கப் போகிறவர்களுக்கு

என் மகள் நேப்பிள்ஸில் நர்ஸ். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். டிசம்பரில் பிரசவம், அங்கே ஸ்கேனிலேயே சொல்லிவிடுவார்கள், பையன்தானாம். "அம்மா, நீங்களும் பேர் பாருங்க" என்றாள். வில்பட்டியில் இருந்துகொண்டு இத்தாலியப் பேருக்கு எங்கே போவது? குழந்தைப் பெயர் ஆப் ஒன்றில் இத்தாலிப் பகுதிக்கு 199 ரூபாய் கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடுகிறது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும், அப்போதும் பேர் பார்க்க முடிந்தது. பேரைத் தொட்டால் உச்சரித்தும் காட்டுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது புனிதர்கள் காலண்டர். இத்தாலியர்கள் பிறந்தநாளோடு நாம விழாவுக்கும், அதாவது தங்கள் பேருள்ள புனிதரின் நாளுக்கும், வாழ்த்துச் சொல்வார்கள். தேதியைத் தட்டினால் அன்றைய புனிதர் வருகிறார். டிசம்பர் 7 மிலான் நகரின் பாதுகாவலர் அம்புரோஜோ, 13 லூச்சியா. மார்ச் 19 ஜுசெப்பே, நம் சூசையப்பர். ஜூன் 13 அந்தோணியார். சலேத் மாதா கோயில் திருவிழாவோடு வளர்ந்த எனக்கு ஒரு பேரும் அந்நியமாகத் தெரியவில்லை.

ஆனால் குடும்ப முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. தெற்கு இத்தாலி வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பேர். பெண்பிள்ளைகளுக்குப் பாட்டிகள் பேர், அதே வரிசையில். இப்போது எல்லாரும் பார்ப்பதில்லை. எங்கள் சம்பந்தி வீட்டில் பார்ப்பார்கள். அவர் பேர் ஜென்னாரோ. நேப்பிள்ஸின் பாதுகாவலர் பேரும் அதுவே. செப்டம்பர் 19 அங்கே பெருவிழா. நம் வீடுகளிலும் இந்த முறை உண்டே. என் அண்ணனுக்குத் தாத்தா பேர். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாதென்று அம்மா கடைசிவரை அவனை "ராசா" என்றே கூப்பிட்டாள். அங்கே அந்தச் சங்கடம் இல்லை, பேரையே மாற்றிக் கொஞ்சுவார்கள்: ஜென்னாரோ என்றால் ஜென்னரினோ, ஜுசெப்பே என்றால் பெப்பே, அந்தோனியோ என்றால் தோனினோ. அப்படிச் செல்லப் பேர் ஒன்றுகூட ஆப்பில் கிடையாது. பேரனைக் கூப்பிடப் போகிற பாட்டிக்கு அதுதானே முதலில் வேண்டும்!

சட்ட விஷயத்தில் ஆப் தப்பாகவே வழிகாட்டுகிறது. அப்பா பேரையே வைக்கலாம் என்று யோசனை சொல்கிறது. இத்தாலியில் 2000-ஆம் ஆண்டு விதிப்படி, உயிரோடிருக்கும் அப்பா பேரையோ கூடப்பிறந்தவர் பேரையோ வைக்க முடியாது. தாத்தா பேருக்குத் தடையில்லை. 'வெனெர்தி' என்றும் ஒரு பேர் பட்டியலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை! ஜெனோவாவில் ஒரு தம்பதி மகனுக்கு அதை வைத்து வழக்கு வரை போய், 2007-ல் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. பையன் கிரெகோரியோ ஆனான். ஆந்த்ரேயாவைப் பெண் பட்டியலில் மட்டும் போட்டிருக்கிறார்கள். அங்கே அது காலங்காலமாக ஆண் பேர். பெண்ணுக்கும் வைக்கலாமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2012-ல்தான்.

அங்கே 10 நாளுக்குள் பேரோடு பதிந்தாக வேண்டும். நம் ஊர் மாதிரி பேரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு ஆற அமரச் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால் இந்தத் தப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிரெண்ட் பக்கம் வீண். பிரான்செஸ்கோ முதலிடம் என்கிறது. 2018-லேயே லெயொனார்தோ அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பெண்களில் சோஃபியா. இத்தாலி அரசின் புள்ளிவிவர நிறுவனமான இஸ்தாத்தின் தளத்தில், ஒரு பேர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று வருஷவாரியாகக் காசில்லாமலே பார்க்கலாம்.

காலண்டருக்காக வாங்கலாம். சட்டத்தை அந்த ஊர் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்காரர்கள் தாத்தா வரிசையையும் செல்லப் பேர்களையும் சேர்த்தால் மிச்ச இரண்டு ஸ்டாரும் தருவேன். சீக்கிரம் சேர்க்கட்டும், அடுத்ததும் பையன் என்றால் எங்கள் வீட்டுக்காரர் முறை, அந்தோனியோ.